333-ஆம் நம்பர்ல வர்றவர் யாரு? இம் சிவான் பத்திப் பேசலாம் வாங்க

மதி_ஓசூர்:
வணக்கம். இந்தப் பக்கத்துக்கு நான் புதுசு. கொரியன் தொடர்னா எனக்குத் தெரிஞ்சது ஸ்குவிட் கேம் ஒண்ணுதான், அதுவும் தமிழ்ல பார்த்தது. ரெண்டாவது சீசன்ல 333-ஆம் நம்பர் போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவானே, மியுங்-கி, கிரிப்டோ யூடியூபர், ஊர்ப் பணத்தையெல்லாம் ஒரு காயின்ல போடச் சொல்லி ஏமாத்தினவன். எங்க வீட்டுல அவனைத் திட்டாத ஆளே இல்ல. அம்மாவுக்கு அவன் முகத்தைப் பார்த்தாலே ஆகாது.

நேத்து தங்கச்சி சொல்றா, "அண்ணா, அவர் உண்மையில பாட்டுப் பாடுறவர், பாய் பேண்ட்ல ஆடினவர்". எனக்கு நம்பிக்கையே வரல. அந்த முகத்துல அப்படி ஒரு கோழைத்தனமும் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து இருந்துச்சு. டான்ஸ் ஆடுற பையனுக்கு அது எங்கிருந்து வந்தது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. மூணாவது சீசன் முடிவை மட்டும் சொல்லிடாதீங்க, அப்பா இன்னும் பாக்கல.

தேனருவி:
வாங்க மதி. தங்கச்சி சொன்னது சரி. முடிவைத் தொட மாட்டேன், அப்பா நிம்மதியா பாக்கட்டும்.

பேரு இம் சிவான். 1988 டிசம்பர் 1-ல பூசான்ல பிறந்தவர். பிறந்தப்போ வச்ச பேரு இம் உங்-ஜே. பூசான் தேசியப் பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு இருந்தார். பாட்டுப் போட்டிக்குப் போன இடத்துல ஒரு கம்பெனி கண்ணுல பட்டு, படிப்பை விட்டுட்டு சியோலுக்குப் பயிற்சிக்குப் போனார். 2010 ஜனவரியில ஜெ-ஆ-ங்கிற ஒன்பது பேர் குழுவுல மேடை ஏறினார். குழுவோட முழுப் பேருக்கு 'பேரரசின் பிள்ளைகள்'னு அர்த்தம். கம்பெனி பேரு ஸ்டார் எம்பயர், அதனால அப்படி.

அந்தக் குழு பெருசா எடுபடல. இதை ஒரு ரசிகையாவே சொல்றேன். மூணு நிமிஷப் பாட்டை ஒன்பது பேர் பங்கு போட்டா தலைக்கு இருபது வினாடி. சிவானுக்கு மென்மையான குரல், ஆனா பாட்டைத் தூக்கி நிறுத்துற முக்கியக் குரல் அவரோடது கிடையாது. ஆட்டத்துலயும் முன்வரிசை இல்ல. பழைய மேடை வீடியோக்களை எடுத்துப் பாருங்க. ஓரத்துல, அழகா, ஒரு தப்பும் பண்ணாம, யாரோட கண்ணும் தன்மேல விழாத மாதிரி நிப்பார். அங்க ஒரு குழுவுக்கான பயிற்சி, தங்குமிடம், பாட்டு, உடைன்னு கம்பெனி போட்ட செலவை எடுத்த பிறகுதான் பிள்ளைங்க கைக்குக் காசு வரும். ஹிட் ஆகாத குழுன்னா வருஷக்கணக்கா உழைச்சும் கைல ஒண்ணும் நிக்காது.

2012-ல எம்பிசி-யில 'சூரியனை அணைத்த நிலா'ன்னு ஒரு ராஜா காலத் தொடர் வந்தது. கொரியாவுல பார்வையாளர் அளவு 40 சதவீதத்தைத் தாண்டின அபூர்வமான தொடர் அது. அதுல நாயகியோட அண்ணனா, படிப்புல சூரனா, முதல் ஆறு எபிசோடு மட்டும் வர்ற இளவயசுப் பாத்திரம் சிவானுக்கு. அதுக்கப்புறம் அந்த வேஷத்தை வேற நடிகர் எடுத்துக்கிட்டார். ரெண்டு வருஷம் மேடையில நின்னு கிடைக்காத அடையாளம் அந்த ஆறு எபிசோடுல கிடைச்சுது.

அடுத்து 2013 கடைசியில 'தி அட்டர்னி'. நடிகர் சோங் காங்-ஹோவோட படம். அதுல போலீஸ்காரங்ககிட்ட சித்திரவதைப்படுற கல்லூரி மாணவனா வர்றார். 2014-ல 'மிசெங்'ங்கிற தொடர். உங்க கேள்விக்கு என்னோட பதில் 'மிசெங்'தான். அந்த முகம் நடிப்புப் பள்ளியில கத்துக்கிட்டது இல்ல, ஒன்பது பேர் வரிசையில ஓரத்துல நின்ன வருஷங்கள்ல வந்ததுன்னு நான் நம்புறேன். எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல அதைப் பாருங்க.

பாண்டியன்83:
தேனருவி, உங்கள் அன்பு புரிகிறது. ஆனாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

கொரியாவில் 'யொன்கி-டொல்' என்று ஒரு சொல் உண்டு. நடிக்க வந்த ஐடல் என்று பொருள்; கம்பெனி பயிற்சி கொடுத்து மேடையேற்றும் பாட்டுக் குழுக்காரர்களை ஐடல் என்பார்கள். அதனுடன் ஒட்டிப் பிறந்த இன்னொரு சொல் 'பால்-யொன்கி', அதாவது காலால் நடிப்பது. இரண்டாவது சொல் ஏன் பிறந்தது? பாடகர்களுக்கு ஜப்பானிலும் சீனாவிலும் ரசிகர்கள் இருந்தார்கள், அந்தப் பெயர் இருந்தால் தொடரை வெளிநாட்டுக்கு விற்பது எளிது. அதனால் வசனம் பேசவே வராத பிள்ளைகளைக்கூட நாயக வேடத்தில் நிறுத்தினார்கள். அதே நேரத்தில் சியோலின் தேஹாங்னோ பகுதியிலுள்ள சின்னச் சின்ன நாடக அரங்குகளில் பத்து, பதினைந்து வருடம் நடித்தவர்கள் ஒரு காட்சி வேடத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். 'மிசெங்' தொடரில் அதிகாரி ஓ சாங்-சிக்காக வரும் லீ சுங்-மின் நெடுங்காலம் நாடக மேடையில் இருந்து வந்தவர். சோங் காங்-ஹோவும் நாடகக்காரர்தான்.

சிவான் நன்றாக நடிக்கிறார் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த ஆறு எபிசோடு வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. குழுவில் இல்லாத, அதே வயது, அதே திறமையுள்ள ஒரு பூசான் பையனுக்கு அது கிடைத்திருக்குமா? ஓரத்தில் நின்றார் என்கிறீர்கள். மேடையின் ஓரமும் மேடைதானே.

தேனருவி:
பாண்டியன் அண்ணா, கடைசி வரி மனசுல தைச்சுது. கிடைச்சிருக்காதுதான், ஒத்துக்கிறேன். கதவைத் திறந்தது அந்தக் குழு.

ஆனா ஒண்ணு. அந்தக் கதவு வழியா உள்ள வந்தவங்கமேல முதல் நாள்லயே ஒரு முத்திரை விழுந்துடும். நாடகத்துல இருந்து வர்றவர் தப்புப் பண்ணா, அன்னைக்கு அவருக்கு நாள் சரியில்லன்னு விட்டுடுவாங்க. ஐடல் தப்புப் பண்ணா 'அதான் சொன்னேனே'. எத்தனையோ பேர் அந்த முத்திரையோடயே காணாமப் போயிட்டாங்க. அது உடைய ரொம்ப நாள் ஆச்சு. 2022 பெக்சாங் விருது விழாவுல 2பிஎம் குழுவோட லீ ஜுன்-ஹோ 'தி ரெட் ஸ்லீவ்' தொடருக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அன்னைக்கு ஐடல்களோட ரசிகர்கள் எல்லாரும் அழுதோம். நான் சிவானோட ரசிகை, நானும் அழுதேன்.

ஜெ-ஆ-வுல இருந்து பார்க் ஹ்யுங்-சிக், கிம் தோங்-ஜுன் ரெண்டு பேரும் நடிப்புக்கு வந்தாங்க. குவாங்-ஹீ நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குப் போய் நாடே தெரிஞ்ச ஆளானார். குழுவைவிட அதுல இருந்தவங்க பேரு பெருசாச்சு. ஆனா மீதிப் பேரை நினைச்சா எனக்கு எப்பவும் வலிக்கும். அவங்களும் அதே மேடையோட ஓரத்துலதான் நின்னாங்க.

யாழ்நிலா:
வணக்கம் எல்லாருக்கும். தேனருவி அக்கா 'தி அட்டர்னி'யை ரெண்டு வரியில முடிச்சிட்டா. நான் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடக் கதைக்கப் போறன், ஏனெண்டா சிவானை நான் முதல்முதல் பார்த்தது அதிலதான்.

1981-ல பூசான்ல நடந்த புரிம் வழக்குத்தான் அந்தப் படத்துக்கு மூலம். சுன் தூ-ஹ்வானின்ர ராணுவ ஆட்சிக் காலம். புத்தகம் வாசிக்கிற வட்டத்தில இருந்த மாணவர், ஆசிரியர், அலுவலகத்தில வேலை செய்தவையெண்டு 22 பேரைப் பிடிவிறாந்து இல்லாமப் பிடிச்சு, அடைச்சு வச்சு அடிச்சவை. அவைக்காக வாதாடின வக்கீல்களில ஒருத்தர்தான் பிறகு ஜனாதிபதியான ரோ மூ-ஹ்யுன். படத்தில அவரின்ர சாயல்ல உருவான பாத்திரத்தை சோங் காங்-ஹோ செய்திருக்கிறார். பன்றிச் சூப்புச் சோத்துக்கடை நடத்துற ஒரு அம்மாவின்ர மகன் ஜின்-ஊ, அதுதான் சிவான்.

தாயும் வக்கீலும் அவனைச் சிறையில பார்க்கப் போற காட்சியை நான் இன்னும் மறக்கேல்ல. கத்துறது, கதறுறது எதுவும் பெரிசா இல்லை. கண் ஓரிடத்தில நிக்காது. முன்னால இருக்கிறது தன்ர அம்மாதான் எண்டு உடம்புக்கு விளங்க நேரமெடுக்குது. அடி வாங்கின உடம்பு அப்பிடித்தான் இருக்கும். பூசான் பேச்சு அவருக்குப் பிறந்த வீட்டுப் பேச்சு எண்டபடியால் அந்த வசனங்களில ஒரு ஒட்டுதல் இருக்கு.

ஒரு கோடியே 13 லட்சம் பேருக்கு மேல தியேட்டர்ல பார்த்த படம். கொரியாவின்ர மொத்தச் சனத்தொகையே அஞ்சு கோடிதான். படம் வந்த அடுத்த வருசம், 2014 செப்டம்பரில, மறு விசாரணை கேட்டிருந்த அஞ்சு பேர் குற்றவாளிகள் இல்லையெண்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 33 வருசம் கழிச்சு. மதி தம்பி, 'மிசெங்' பார்த்து முடிஞ்ச கையோட இதையும் பாருங்கோ.

கருப்புக்கல்:
இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. 'மிசெங்' என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன். பதினோரு வருடமாக பதுக் ஆடுகிறேன். ஜப்பானியர்கள் கோ என்று சொல்லும் அதே ஆட்டம்.

19 கோடு குறுக்கே, 19 கோடு நெடுக்கே. கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் கருப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைப்போம். சுற்றி வளைக்கப்பட்ட கற்கள் பலகையை விட்டுப் போய்விடும். ஒரு கற்கூட்டத்துக்கு உள்ளே இரண்டு தனித்தனி வெற்றிடங்கள் அமைந்துவிட்டால் எதிராளி அதை ஒருபோதும் எடுக்க முடியாது. அந்த வெற்றிடத்தைக் கண் என்போம். இரண்டு கண் உள்ள கூட்டம் 'வான்செங்', முழு உயிர். இன்னும் இரண்டு கண் அமையாத, செத்துப்போகவும் செய்யாத கூட்டம் 'மிசெங்'. பிழைக்குமா, போகுமா என்பது இனிவரும் நகர்வுகளில் இருக்கிறது.

தொடரின் நாயகன் ஜாங் கிரே சிறு வயதிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவேண்டும் என்று பயிற்சி எடுத்தவன். கொரியாவில் அந்தப் பயிற்சி மாணவர்களை யொன்குசெங் என்பார்கள். பள்ளி, நண்பர்கள், விளையாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாள் முழுக்கப் பலகை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். 18 வயதுக்குள் தேறாவிட்டால் அந்த முறையை விட்டு வெளியேற வேண்டும். ஜாங் கிரே தேறவில்லை. கையில் பட்டம் இல்லை, மொழி தெரியாது, உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான தேர்வுச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. தெரிந்தவர் சிபாரிசில் ஒரு பெரிய வர்த்தக நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்கிறான். சிபாரிசில் வந்தவனை அங்கே 'பாராசூட்' என்பார்கள்.

சிவானின் நடிப்பில் நான் பார்த்தது கைகளை. பதுக் ஆடுகிறவன் கல்லை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து வைப்பான். அதைப் பலரும் கற்றுக்கொண்டு செய்துவிடலாம். கல்லை வைத்தபிறகு கையை எடுக்கும் விதம் வேறு: அவசரம் இருக்காது, வைத்ததை மாற்ற முடியாது என்று ஒத்துக்கொண்ட கை அது. அலுவலகத்தில் கோப்பை மேசையில் வைக்கும்போதும் சிவானிடம் அதே கை இருக்கிறது.

தேனருவி அவர்கள் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஐடல் பயிற்சியும் யொன்குசெங் வாழ்க்கையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிறு வயதிலேயே போவது, மாதாமாதம் தரம் பார்ப்பது, தேறாதவர்களை வெளியே அனுப்புவது. ஜாங் கிரே அங்கே தோற்றவன். சிவான் தேறி மேடைக்கு வந்தும் கண் அமையாமல் நின்றவர். இரண்டாவது நிலையைப் பற்றி யாரும் தொடர் எடுக்கவில்லை. முதல் நிலையை நடிக்க அவரை அழைத்தார்கள்.

மதி_ஓசூர்:
கருப்புக்கல் சார், படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்குது. 'மிசெங்'னா அந்த ஆட்டத்துல வர்ற வார்த்தைன்னு இப்பத்தான் தெரியும். நான் ஒரு கம்பெனியில ஒப்பந்த அடிப்படையில இருக்கேன், ரெண்டாவது வருஷம். அதனாலயோ என்னவோ.

தேனருவி:
மதி, அப்படின்னா நீங்க கட்டாயம் பாக்கணும். நானும் ஒரு இடத்துல மூணு வருஷம் ஒப்பந்தத்துல இருந்து, நிரந்தரம் ஆகாமலே வெளிய வந்தவதான். கடைசி நாள் அடையாள அட்டையைக் கழட்டி மேசையில வச்சுட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி 'மிசெங்' கடைசி எபிசோடை மறுபடி பார்த்தேன்.

யூன் தே-ஹோ எழுதின வெப்டூன்தான், அதாவது இணையப் படக்கதைதான் மூலக்கதை. 2014 அக்டோபர் 17-ல இருந்து டிசம்பர் 20 வரைக்கும் டிவிஎன்-ல 20 எபிசோடா வந்தது. கேபிள் சேனல்ல 8 சதவீதத்தைத் தாண்டினது அந்த நாள்ல பெரிய விஷயம். காதல் கதை இல்ல, பணக்கார வாரிசு இல்ல, மழையில குடை பிடிக்கிற காட்சி இல்ல. ஒருத்தன் ஜெராக்ஸ் எடுக்கிறான், கோப்பு அடுக்குறான், திட்டு வாங்குறான். அவ்வளவுதான். அதைப் பார்த்துட்டு கொரியாவுல அலுவலகம் போறவங்க எல்லாம் 'இது என் கதை'ன்னாங்க. 2013-ல இந்தக் கதைக்கு முன்கதையா இணையத்துல குறும்படங்கள் வந்தப்பவும் ஜாங் கிரேயா நடிச்சது சிவான்தான்.

அந்த வருஷக் கடைசியில ஒண்ணு நடந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களை ரெண்டு வருஷத்துக்கு மேல ஒப்பந்தத்துலயே வச்சிருக்கக் கூடாதுன்னு இருந்த விதியை, 35 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு நாலு வருஷமா நீட்டலாம்னு அரசாங்கம் யோசனை சொன்னது. அதுக்கு ஊர் வச்ச பேரு 'ஜாங் கிரே சட்டம்'. நிரந்தரம் ஆகலையேன்னு ஒருத்தன் அழுத கதையைப் பார்த்துட்டு, சரி, ஒப்பந்தத்துலயே இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு சொன்ன மாதிரி ஆச்சு. தொழிற்சங்கங்கள் கொதிச்சுப் போயிட்டாங்க.

பாண்டியன்83:
இதில் ஒரு பகுதியைத் தேனருவி விட்டுவிட்டார், வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டார். 2015-இல் தொழிலாளர் துறையின் சீர்திருத்த விளம்பரத்தில் சிவானே தோன்றினார். ஜாங் கிரேயின் முகத்தை வைத்து ஜாங் கிரேக்களுக்கு எதிரான கொள்கையை விற்கிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் கண்டித்தன. ரசிகர்கள் இதையும் பேச வேண்டும்.

தேனருவி:
பேசணும் அண்ணா. அது எனக்கு இன்னும் ஆறாத ஒண்ணு. அப்ப அவர் ஒப்பந்தம் குழுவோட கம்பெனிகிட்ட இருந்தது, எந்த விளம்பரத்துக்கு யார் சரின்னு சொன்னாங்கன்னு எனக்குச் சொல்ல முடியாது. அதை ஒரு சாக்கா வைக்கவும் எனக்கு மனசில்ல. முகம் அவரோடது. அந்த முகத்தை நம்பினவங்க நாங்க. வலிச்சுது.

வசனவரி:
சில வருஷமா நண்பர்களுக்காகக் கொரியன் தொடர்களுக்குத் தமிழ் வசனவரி எழுதிக்கிட்டிருக்கேன். அந்தத் தகுதியில 'மிசெங்' பத்தி ஒண்ணு சொல்ல ஆசை.

ஆரம்ப எபிசோடுகள்ல ஒரு காட்சி. வேற குழுவுல இருக்கிற ஒருத்தன் பண்ணின தப்பால ஒரு ஆவணம் வெளிய போய், ஜாங் கிரே பழி சுமந்து திட்டு வாங்குறான். அவனைச் சேர்த்துக்கவே பிடிக்காத மேலதிகாரி ஓ சாங்-சிக், அன்னைக்கு ராத்திரி குடிச்சுட்டு இருக்கும்போது அந்த வேறு குழுவோட அதிகாரியைப் பார்த்துக் கத்துவார், உங்க ஆளு பண்ண வேலையால 'உரி எ' திட்டு வாங்கிட்டான்னு. 'எ'ன்னா பிள்ளை, பையன். 'உரி'ன்னா நாங்கள், நாம், எங்க, நம்ம எல்லாமே. அதை ஜாங் கிரே கேட்டுடுவான். தனக்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பான்.

ஆங்கில வசனவரியில இது ஒரு சாதாரணச் சொல்லாப் போயிடுது. கொரியன்ல யாரும் 'என் அம்மா'ன்னு சொல்ல மாட்டாங்க, 'உரி அம்மா'தான். நாமளும் 'எங்க அம்மா', 'எங்க வீடு'ன்னுதானே சொல்றோம்? ஒரே பிள்ளையா இருந்தாலும் எங்க அம்மாதான். அதனால தமிழ்ல இதை எழுத உட்கார்ந்தப்போ ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனா உடனே சிக்கல். தமிழ்ல 'எங்க' வேற, 'நம்ம' வேற. கேக்குறவரைச் சேர்த்துக்கிட்டா நம்ம, வெளிய நிறுத்தினா எங்க. கொரியன்ல அந்தப் பிரிவு இல்ல. எதைப் போடுறது?

ரெண்டு நாள் யோசிச்சு 'எங்க பையன்'னு போட்டேன். ஓ சாங்-சிக் பேசுறது எதிர்க் குழு அதிகாரிகிட்ட. அவரை வெளிய நிறுத்தி ஒரு கோடு கிழிக்கிறார். அந்தக் கோட்டுக்கு உள்ள முதல் தடவையா ஜாங் கிரே நிக்கிறான். 'நம்ம பையன்'னு போட்டா அந்தக் கோடு அழிஞ்சுடும்.

அந்த நேரத்துல சிவான் முகத்தைப் பாருங்க. சிரிப்பு மாதிரி ஏதோ வரும், ஆனா சிரிக்க உரிமை இருக்கான்னு தெரியாம பாதியிலயே நிக்கும்.

கருப்புக்கல்:
வசனவரி, 'எங்க' என்பதே சரி. பலகையிலும் கோடு கிழித்தால்தான் உள்ளே கண் அமையும்.

யாழ்நிலா:
எங்களுக்கும் அப்பிடித்தான், 'எங்கட பெடியன்' எண்டுதான் வரும். நீங்கள் சொன்னதைப் படிச்சிட்டு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தன்.

பாண்டியன்83:
வசனவரி எழுதியதைப் படித்தபின் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இயக்குநர் கிம் வோன்-சொக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2014-இல் 'மிசெங்'. 2018-இல் 'மை மிஸ்டர்', அதில் பாடகி ஐயூ. இரண்டிலும் நடுவில் இருப்பது ஓர் அலுவலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் தற்காலிக ஊழியர். இரண்டிலும் பாடகர்கள். பக்கத்தில் ஒரு மூத்த நடிகர், அங்கே லீ சுங்-மின், இங்கே லீ சொன்-க்யுன். 2025-இல் ஐயூவோடு மறுபடி 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' எடுத்தார்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று நானும் யோசித்திருக்கிறேன். மேடையில் எப்போதும் சிரிக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட முகத்தை எடுத்து, சிரிப்பை மட்டும் அகற்றிவிடச் சொல்கிறார் போலிருக்கிறது. மிச்சம் இருப்பதைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. நாடக நடிகரிடம் அது வேறு மாதிரி வரும், அவர் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரப் பழகியவர். ஐடல் உள்ளே இருப்பதை மறைக்கப் பழகியவர். ஒப்பந்த ஊழியனுக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. தேனருவி, உங்கள் முதல் பதிவில் நீங்கள் சொன்னதும் இதுதான் என்று இப்போது படுகிறது. அந்த அளவில் ஏற்றுக்கொள்கிறேன். தேஹாங்னோ பற்றிய என் ஆதங்கம் அப்படியே இருக்கிறது.

தேனருவி:
அண்ணா, நான் சொல்லத் தெரியாம சுத்தினதை நீங்க நாலு வரியில சொல்லிட்டீங்க. நன்றி.

மதிக்காக மீதியையும் எழுதிடறேன். 2017-ல ஏழு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சு, சிவான் நடிகர்களுக்கான வேற கம்பெனிக்கு மாறினார். ஏழு வருஷம்ங்கிற கணக்குக்கும் ஒரு காரணம் இருக்கு. 2009-ல டிவிஎக்ஸ்க்யூ குழுவுக்கும் அவங்க கம்பெனிக்கும் நீண்ட கால ஒப்பந்தம் பத்திப் பெரிய வழக்கு வந்த நேரத்துல, அரசாங்கத்தோட வணிக ஆணையம் ஒப்பந்த மாதிரி ஒண்ணை வெளியிட்டு ஏழு வருஷம்னு வரம்பு வச்சுது. அதனாலதான் கொரியன் குழுக்கள் பலதும் ஏழாவது வருஷத்துல ஆட்டம் காணும். ஜெ-ஆ கலைஞ்சதா யாரும் அறிவிக்கல, ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்க.

அதே 2017 மே மாசம் 'தி மெர்சிலெஸ்' படம், நடிகர் சொல் க்யுங்-குவோட. சிறைக்குள்ள ஒரு தாதாவுக்கும் இளைஞனுக்கும் நடுவுல உருவாகுற நம்பிக்கையும் துரோகமும். கான் விழாவுல நள்ளிரவுப் பிரிவுல திரையிட்டாங்க. ஆனா ஊருல இயக்குநரோட ட்விட்டர் பதிவுகள் சர்ச்சையாகி, டிக்கெட் பத்து லட்சத்தைக்கூடத் தொடல. அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச கதை. படம் பிடிச்சுப்போன ரசிகர்கள் காசு சேர்த்து தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. தங்களுக்கு 'புல்ஹன்தாங்-வோன்'னு பேரும் வச்சுக்கிட்டாங்க, அந்தப் படத்தோட கொரியப் பேரை ஒட்டி, கும்பலைச் சேர்ந்தவங்கன்னு அர்த்தம். தோத்துப்போன படத்துக்கு அப்படி ஒரு பாசம்! அந்த நேரத்துல சிவான் ராணுவத்துக்குப் போயாச்சு. 2017 ஜூலை 11-ல சேர்ந்து, 25-ஆவது காலாட்படைப் பிரிவுல புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற உதவியாளரா இருந்து, 2019 மார்ச் 27-ல திரும்பினார்.

யாழ்நிலா:
திரும்பி வந்து செய்த முதல் தொடர் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஃப்ரம் ஹெல்'. அதிலயும் ஊர்ப்புறத்தில இருந்து சியோலுக்கு இன்டர்ன் வேலைக்கு வாற பெடியன்தான், கவனிச்சனீங்களோ? கையில காசில்லாமல் கோசிவோன் எண்ட, ஒரு கட்டிலும் மேசையும் மட்டும் கொள்ளுற சின்ன அறையில தங்குறான். ஜாங் கிரேக்கு ஓ சாங்-சிக் மாதிரி ஒருத்தர் கிடைக்காட்டி என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சா இந்தத் தொடர்தான் வரும். ராத்திரியில தனிய இருந்து பார்க்காதேங்கோ.

வசனவரி:
எனக்குப் பிடிச்சது சிவான் ஓட்டப்பந்தய வீரரா வர்ற 'ரன் ஆன்' தொடர். நாயகி படங்களுக்கு வசனவரி மொழிபெயர்க்கிறவ. எங்க தொழிலை மதிச்சு எடுத்த தொடர்.

ஓட்டம்னா இன்னொண்ணு, 2023-ல வந்த 'ரோட் டு பாஸ்டன்'. சோன் கி-ஜொங் 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல மாரத்தான் ஜெயிச்சும், கொரியா அப்ப ஜப்பான் ஆட்சியில இருந்ததால நெஞ்சுல ஜப்பான் கொடியோட நிக்க வேண்டி வந்தவர். அவரோட பயிற்சியில சொ யுன்-பொக் 1947 பாஸ்டன் மாரத்தான்ல 2 மணி 25 நிமிஷம் 39 வினாடியில ஜெயிச்சார், அன்னைக்கு அது உலகத்துலயே வேகமான நேரம். யுன்-பொக்கா நடிச்சது சிவான். அதே வருஷம் 'பாய்ஹூட்'னு 1989-ல நடக்கிற தொடர்ல, 34 வயசுல, அடி வாங்கிக்கிட்டே இருக்கிற பள்ளிக்கூடப் பையனா வந்தார். பூசான்காரர் சுங்சொங் வட்டார வழக்கைக் கத்துக்கிட்டு, கடைசி எழுத்தை இழுத்து இழுத்துப் பேசுவார். அந்தப் பேச்சை வசனவரியில கொண்டுவர எனக்கு வழி தெரியல, கொங்குப் பேச்சுல எழுதிப் பார்த்தேன், ஒட்டல. அப்படியே விட்டுட்டேன்.

பாண்டியன்83:
'எமர்ஜென்சி டிக்ளரேஷன்' படத்தை விட்டுவிட்டீர்கள். விமானத்துக்குள் கிருமியைப் பரப்பும் ஆளாக வருகிறார். சோங் காங்-ஹோ, லீ ப்யுங்-ஹுன், ஜொன் தோ-யொன் எல்லோரும் இருந்தும் எனக்கு நினைவில் நிற்பது அவருடைய அந்த அமைதியான முகம்தான். மதி, 333-ஆம் எண்ணுக்கு வழி அங்கிருந்து வருகிறது. மறைக்கப் பழகிய முகத்துக்குள் நல்லவனையும் வைக்கலாம், கெட்டவனையும் வைக்கலாம். உங்கள் அம்மா கோபப்பட்டதே அவருக்குக் கிடைத்த விருது.

மதி_ஓசூர்:
எல்லாருக்கும் நன்றி. மூணு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை அம்மாகூட உட்கார்ந்து 'மிசெங்' ரெண்டு எபிசோடு பார்த்தேன். வசனவரி அண்ணா அனுப்பின தமிழ் வரிகளோட.

அந்த 'எங்க பையன்' இடம் வந்தப்போ நான் அம்மா பக்கம் திரும்பல. திரும்பினா நான் அழுறது தெரிஞ்சிடும்னு. அம்மாதான் பேசினாங்க, "பாவம்டா, அந்தப் பையனுக்கு யாராவது ஒரு நல்ல சட்டை வாங்கிக் குடுக்கக் கூடாதா, தோள் எல்லாம் தொங்குது".

333-ஆம் நம்பர் இவர்தான்னு அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லல. மூணாவது எபிசோடு இன்னைக்கு ராத்திரி, சாப்பிட்ட பிறகு.